ஏதென்ஸுக்குப் பிள்ளைகளோடு வந்திருக்கும் சகோதரிக்கு: கிரேக்கத்தை அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கணவரின் கப்பல் நிறுவன வேலைக்காக ஆகஸ்டில் ஏதென்ஸ் வந்து சேர்ந்ததாகவும், ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் செப்டம்பரிலிருந்து பள்ளிக்குப் போயும் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றும், அக்ரோபோலிஸுக்கோ அருங்காட்சியகத்துக்கோ அழைத்துப் போனால் அரை மணி நேரத்தில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். வீட்டில் சைவச் சமையல்தான், பிள்ளைகள் மட்டும் முட்டை சாப்பிடுவார்கள். இந்த நிலையில் கிரேக்கப் பண்பாட்டைச் சமையல் வழியாக அவர்களுக்குக் காட்ட முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வேலையின் பொருட்டு, இதே வயதில் ஒரு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து இங்கே வந்தவள் என்பதால், எனக்குப் பயன்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தாராளமாக முடியும். ஆனால் உணவகத்தின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். மசால் தோசை தின்று ஒருவர் தமிழர் வாழ்க்கையை அறிந்துகொள்ள முடியாது. ஆடியில் கூழ், சதுர்த்தியில் கொழுக்கட்டை, நவராத்திரியில் சுண்டல், தையில் பொங்கல் என்று எந்த நாளில் எது, ஏன், யாருக்குக் கொடுத்து உண்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. இங்கேயும் அப்படியே. கத்தரிக்காயையும் கொத்திறைச்சியையும் அடுக்கி, மேலே வெள்ளைச் சாஸைத் தடிமனாகப் பரப்பிச் சுடும் மூசாக்கா, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாஸ் செலெமெந்தேஸ் என்ற சமையற்கலைஞர் பிரெஞ்சு முறையைக் கலந்து பரப்பிய வடிவம். சுவையானதுதான், ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகமாக வேண்டியது அதுவல்ல. நாட்காட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தந்த நாளுக்குரியதை அந்தந்த நாளில் பிள்ளைகளின் கையால் செய்யவைத்து, ஒரு தட்டை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

சனிக்கிழமையோ வேறு நாளோ, உங்கள் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை தெருவை அடைத்துச் சந்தை கூடும். அதன் பெயர் லைக்கி. முதல் பாடத்துக்கு அங்கே போங்கள். கோடையில் வந்தால் வ்லீதா என்று கட்டுக்கட்டாகக் குவித்திருக்கும் கீரையைப் பார்த்து நின்றுவிடுவீர்கள், ஏனென்றால் அது நம் முளைக்கீரை, குப்பைக்கீரையின் இனத்தைச் சேர்ந்ததேதான். நாம் கடைந்தும் பொரித்தும் உண்பதை இவர்கள் தண்டோடு வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி ஆறவைத்து உண்கிறார்கள். என் மகள் இந்த நாட்டில் தானாகக் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்: கடைக்காரரிடம் ஒரு விரலைக் காட்டி, "வ்லீதா" என்றாள். அன்று அவள் பேசிய ஒரே கிரேக்கச் சொல்லும் அதுவே.

சைவம் என்பதற்காக நீங்கள் கவலைப்படவே வேண்டாம். நிஸ்தீசிமோ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விரதத்துக்கு உகந்தது என்று பொருள். இந்நாட்டின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை முறைப்படி புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரங்களிலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய 40 நாட்களிலும், ஆகஸ்டின் முதல் இரண்டு வாரங்களிலும் பக்தர்கள் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குகிறார்கள். ஆகவே பாலும் முட்டையும் இல்லாத சமையல் இவர்களிடம் நூற்றாண்டுகளாகப் பழகிப் பக்குவப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கணவாய், ஆக்டோபஸ், இறால் போன்றவை விரதத்தில் அனுமதிக்கப்பட்டவை என்பதால், நிஸ்தீசிமோ என்று சொன்னாலும் கடலுணவு இருக்கிறதா என்று தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணெயிலும் தக்காளியிலும் காய்களை மெதுவாக வேகவைக்கும் வகைக்கு லாதெரா என்று பெயர். அதில் வெண்டைக்காயைக் கொண்டு தொடங்குங்கள், ஏனென்றால் தெரிந்த காய் தெரியாத முகத்தோடு வரும்போதுதான் பிள்ளைகள் கூர்ந்து பார்க்கிறார்கள். இங்கே விரல் நுனியளவு பிஞ்சு வெண்டையைத்தான் விரும்புவார்கள். காம்பை வெட்டி எறியாமல், பென்சில் சீவுவதுபோல் கூம்பாகச் சுற்றிச் சீவுவார்கள். உள்ளறை திறந்துவிட்டால் கொழகொழப்பு வெளியே வந்துவிடும் என்பதில் அவ்வளவு கவனம். பிறகு உப்பும் வினிகரும் தெளித்துப் பிசிறி, தட்டில் பரப்பி வெயிலில் வைப்பார்கள். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். வினிகர் தெளிப்பதும், மொட்டை மாடியில் காயவைப்பதும், அரை மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுவதும் மகனின் பொறுப்பாக இருக்கட்டும். வாணலியில் போட்ட பிறகு கரண்டி கொண்டு கிளறக் கூடாது, பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்கத்தான் வேண்டும்.

குளிர் தொடங்கியதும் ஃபாக்கேஸ் என்னும் பருப்புச் சாறு செய்யுங்கள். பழுப்பு மைசூர்ப் பருப்பு, பூண்டு, பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய்; சாப்பிடும்போது மேலே சில துளி வினிகர். மகனின் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வாரந்தோறும் வீட்டில் இதை உண்பவர்கள்தான். "நேற்று எங்கள் வீட்டில் ஃபாக்கேஸ்" என்ற ஒரு வாக்கியம் அவனுக்குக் கிடைத்துவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வகுப்பில் இருபது பேர் இருப்பார்கள்.

அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் ஒரு மழைநாளில் பஸ்தெலி செய்யுங்கள். எள்ளை வறுத்து, அதே எடை தேனைக் கொதிக்கவிட்டு, பாகு பதம் வந்ததும் எள்ளைக் கொட்டிக் கிளறி, பரப்பி வெட்டுவது; வெல்லத்துக்குப் பதில் தேன் என்பதைத் தவிர நம் எள்ளுமிட்டாய்க்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. குளிர்ந்த நீரில் ஒரு சொட்டுத் தேனை விட்டு உருட்டிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பாகு ஆறும்போது, வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லியிருக்கும் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். கொரிந்து நகரத்து ஆட்சியாளன் பெரியாண்டர், கெர்க்கிரா தீவின் 300 சிறுவர்களைச் சிறைப்பிடித்து லிதிய அரசனுக்குக் கப்பலில் அனுப்பினான். வழியில் சாமோஸ் தீவில் கப்பல் நின்றபோது அவ்வூர் மக்கள் சிறுவர்களை ஆர்த்தெமிஸ் கோயிலில் அடைக்கலம் புகச் செய்தார்கள். காவலர்கள் உணவைத் தடுத்தார்கள். உடனே ஊரார் ஒரு திருவிழாவையே ஏற்படுத்தி, இரவுதோறும் இளைஞர்களும் பெண்களும் எள்ளும் தேனும் கலந்த பண்டங்களை ஏந்திக் கோயிலுக்கு ஆடிவரவேண்டும் என்று விதித்தார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் அவற்றைப் பறித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள். என் மகள் இதைக் கேட்ட மறுவாரம் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மண்பாண்டத்தின் முன்னும் நின்று, அதில் எள் வைத்திருப்பார்களா என்று கேட்டாள். கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

நான் வாழும் நேயா ஸ்மிர்னி, 1922இல் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, துரத்தப்பட்டு வந்த ஸ்மிர்னா நகரத்து அகதிகள் குடியேறிய பகுதி. வந்த முதல் மாதம் மாடிப்படி ஏறும்போது மகள் சட்டென்று நின்று, "அம்மா, நம்ம வீட்டு வாசனை" என்றாள். சீரகம். மேல்வீட்டு மூதாட்டி, தம் தாயார் ஸ்மிர்னாவிலிருந்து கொண்டுவந்த கைப்பக்குவத்தில் சுட்சுகாக்கியா என்னும் இறைச்சி உருண்டைகளைச் சமைத்துக்கொண்டிருந்தார். அகதிகளாக வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த மணம் அது. எங்கள் செட்டிநாட்டில் பாட்டியை ஆயா என்போம். கிரேக்கத்தில் பாட்டிக்கு யாயா. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மாடி வீட்டு யாயா ஆனார். நீங்கள் அந்த உருண்டையைச் செய்ய வேண்டியதில்லை. அதே சீரகத் தக்காளிக் குழம்பில் வேகவைத்த கொண்டைக்கடலையைப் போட்டுப் பாருங்கள், அந்தக் கதையைச் சொல்ல அது போதும்.

கிறிஸ்துமஸில் மெலொமாகாரொனா செய்யுங்கள்: எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் ரவையும் சேர்த்த, முட்டையும் பாலும் இல்லாத பிஸ்கட், சுட்ட சூட்டோடு, ஆறிய தேன்பாகில் முக்கி எடுக்க வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் கரைந்துவிடும். புத்தாண்டன்று வசிலோபித்தா. கேக்குக்குள் ஒரு காசை மறைத்துச் சுட்டு, வீட்டுத் தலைவர் துண்டு போடுவார். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்து மரியன்னைக்கு, பிறகு வீட்டுக்கு, ஏழைக்கு என்று ஒதுக்கிவிட்டு வயது வரிசைப்படி மற்றவர்களுக்கு. யார் துண்டில் காசு வருகிறதோ, அந்த ஆண்டின் அதிர்ஷ்டம் அவருக்கு. இங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர் புனித வசிலியோஸ். அதுவும் கிறிஸ்துமஸில் அல்ல, ஜனவரி 1 அன்று. இதை முன்பே சொல்லி வையுங்கள். வகுப்பிலும் ஜனவரியில் ஒரு வசிலோபித்தா வெட்டுவார்கள். வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் அங்கே திகைத்து நிற்கமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஈஸ்டர் விரதத் தொடக்கத்தில் செய்யும் கிரா சாரக்கோஸ்தி. நாற்பது நாள் நோன்பு அம்மாள் என்று சொல்லலாம். 2 குவளை மைதா, 1 குவளை உப்பு, பிசையும் அளவுக்குத் தண்ணீர். அதில் பாவாடை அணிந்த ஒரு பெண்ணைத் தட்டையாகச் செய்வார்கள். பிரார்த்தனைக்காகக் கைகள் மடிந்திருக்கும்; பாவாடைக்குக் கீழே ஏழு கால்கள், ஏழு வாரங்களுக்கு; நோன்பு என்பதால் வாய் இருக்காது. என் மகள் கண்ணுக்கு இரண்டு கிராம்பைக் குத்திவிட்டு, வாய்க்கு மூன்றாவது கிராம்பை எடுத்த கையோடு நின்றாள். யாயா தன் உதட்டின்மேல் விரல் வைத்துத் தலையசைத்தார். மொழியே தேவைப்படவில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு காலை ஒடிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை ஒடிக்கும் கடைசிக் காலைச் சில ஊர்களில் உலர்ந்த அத்திப்பழத்துக்குள் மறைத்து வைப்பார்கள், கண்டெடுப்பவருக்கு அதிர்ஷ்டம். இது உண்பதற்கல்ல, உப்பு மிகுதி என்பதால் ஏழு வாரமும் கெடாமல் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பருவத்தின் நீளத்தைக் கையில் பிடித்துக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயமிடுவதையும், ஈஸ்டரன்று ஒன்றோடொன்று மோதி யாருடையது உடைகிறது என்று பார்ப்பதையும் பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்வார்கள். சுரேக்கி என்ற பின்னல் ரொட்டியை மட்டும் முதல் ஆண்டு அடுமனையில் வாங்கிவிடுங்கள். அதன் மணம் கியோஸ் தீவின் தென்பகுதியில் மரத்திலிருந்து கசியும் மாஸ்திகா பிசினாலும் மஹ்லேபி விதையாலும் வருவது, மாவுக்கு நெடுநேரப் பொறுமை வேண்டும்.

நான் செய்த ஒரு தவற்றை நீங்கள் செய்யாதிருக்கச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு யாயா ஒரு சிறு பையில் இனிப்பு தந்தார்: வேகவைத்த கோதுமை, மாதுளை முத்து, பாதாம், உலர்திராட்சை, பட்டை, மேலே சர்க்கரை. சுண்டலும் பாயசமும் சேர்ந்ததுபோல் இருந்தது. ஆரோக்கியமானது, அழகானது என்று எண்ணி, மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறையச் செய்து பள்ளிக்கு அனுப்பினேன். ஆசிரியை அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பி, மாலையில் என்னைத் தனியே அழைத்து மென்மையாக விளக்கினார். அது கோலிவா, இறந்தவரின் நினைவு நாளில் தேவாலயத்தில் படைத்துப் பகிர்வது. யாயா தந்தது அவர் கணவரின் நினைவுப் படையல். நம் வீட்டுத் திவசச் சாப்பாட்டை ஒருவர் பிறந்தநாளுக்குப் பரிமாறினால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. அதனால்தான் ஒரு பண்டத்தின் செய்முறையைக் கேட்கும்போதே, இது எந்த நாளுக்குரியது என்பதையும் கேளுங்கள் என்கிறேன். நம்பிக்கை வேறாக இருப்பதை இங்கே நான் பார்த்தவர்கள் யாரும் குறையாக எண்ணியதில்லை. நாளறிந்து செய்தால் மகிழ்ந்தே போகிறார்கள்.

வீட்டு இட்லியையும் குழம்பையும் விட்டுவிட வேண்டாம். தட்டு இருபக்கமும் போய்வரட்டும். உங்கள் மகளின் கையில் ஒரு தட்டு மெலொமாகாரொனாவைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினால், அவர்கள் "யியா ஸ்தா ஹேரியா சூ" என்பார்கள். உன் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்று பொருள். சமைத்தவரிடம் சொல்லும் வாழ்த்து அது. கைமணம் என்று சொல்லும் நமக்கு அது எளிதில் விளங்கும். முதன்முறை அதைக் கேட்ட என் மகள், மாவு ஒட்டியிருந்த தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பேசுவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஜூனில் லைக்கிக்குக் கிளிஸ்த்ரீதா வரும். நம் பருப்புக்கீரைதான், இங்கே பச்சையாகவே தக்காளியோடும் ஃபெத்தா என்னும் பாலாடைக்கட்டியோடும் சேர்த்து உண்பார்கள். ஓயாமல் பேசுகிறவரைப் பார்த்து, "கிளிஸ்த்ரீதா தின்றாயா?" என்று கேட்பது இவர்கள் வழக்கம், வழுக்கும் அந்தக் கீரை நாக்கையும் வழுக்கிவிடுமாம். எங்கள் முதல் ஜூனில் மகள் மாடிப்படியிலேயே யாயாவிடம் பள்ளிக் கதை அத்தனையும் கொட்டிக்கொண்டிருந்தபோது அவர் இதைக் கேட்டார். இவள் ஆம் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பேசினாள். இப்போதைக்கு இந்த வாரம் வெண்டைக்காய் கிடைக்கிறதா பாருங்கள், பருவம் முடியப்போகிறது. வெயிலில் வைக்கும்போது புறாக்கள் வரும், மேலே ஒரு மெல்லிய துணியை விரித்துவிடுங்கள்.

அன்புடன்,
நேயா ஸ்மிர்னியிலிருந்து உங்கள் அக்கா