பிரேக்கைக் குறை சொல்லாதீர்கள்

மழையில் நனைந்த புல் ஓடுபாதையில் செஸ்னா 172 எஸ் விமானம் வேலிக்குப் பத்தடி முன்னால்தான் நின்றது, பிரேக்கில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேக்கை விடுங்கள். 75 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இறங்க வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குறுகிய ஓடுபாதைக்கு, முழு எடையிலும், விமானத்தின் கையேடு சொல்வது 61. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். நீங்கள் கொண்டுவந்தது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதனால்தான் சக்கரம் தரை தொடாமல் அவ்வளவு தூரம் மிதந்திருக்கிறது. பின்னாலிருந்து வீசும் பின்காற்று இருந்தால் அது வேறு: அதன் வேகத்தில் ஒவ்வொரு 2 நாட் அளவுக்கும் இறங்கும் தூரத்தில் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது அதே கையேடு. காய்ந்த புல்லுக்கே தரையோட்டத்தில், அதாவது சக்கரம் தரை தொட்டபின் ஓடி நிற்கும் தூரத்தில், 45 சதவீதம் கூடுதல். ஈரப்புல்லைக் கேட்கவே வேண்டாம். (வேலிக் கம்பியின் முட்களை எண்ணும் தூரம்வரை நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.) இனிமேல் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் பதியவில்லையென்றால், யோசிக்காமல் முழு விசை கொடுத்து மேலேறிவிடுங்கள்.