ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால்: சுகருக்குப் பயந்து ஸ்டீராய்டைத் தள்ளிப்போடலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 62 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. நாலு நாளைக்கு முன் தூங்கி எழுந்தபோது இடது காது கேட்கவில்லை, ஒரே இரைச்சல். டாக்டர் நரம்புக் கோளாறு என்று ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார். சுகர் ஏறிவிடும் என்று அப்பச்சி தொட மறுக்கிறார். சுகரையும் கொலஸ்ட்ராலையும் குறைத்தாலே காது திரும்பாதா?

திரும்பும் என்று நம்பி உட்காராதீர்கள். ஸ்டீராய்டுக்குப் பலன் அதிகம் இருப்பது முதல் இரண்டு வாரத்தில்தான், அதில் நாலு நாள் போய்விட்டது.

அப்பச்சியின் சுகருக்கும் காதுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது மயிரிழை போன்ற ஒரே ஒரு தமனி, அது அடைத்தால் மாற்று வழி கிடையாது, சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், புகை எல்லாம் சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுப்பவை என்பதால் இவை இருப்பவர்களிடம் இந்தப் பிரச்சினை கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இன்னதென்று கடைசிவரை தெரிவதில்லை, வைரஸாகவும் இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று மருந்தை நிறுத்தி வைப்பதில் அர்த்தமில்லை.

சரி, சுகர் ஏறுமா? ஏறும். காலையில் மாத்திரை போட்டால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏறும், அதனால் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சாயங்காலமும் பாருங்கள், சுகர் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி சுகர் மாத்திரையின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுகர் ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடும் முறை இருக்கிறது, அதில் ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. அதைக் கேளுங்கள். (கவுனி அரிசி சுகருக்கு நல்லது என்று சீனியும் தேங்காயும் போட்டுக் கிண்டித் தருவதை இந்த இரண்டு வாரம் நிறுத்தினால் நல்லது.)

ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை) எடுக்காவிட்டால் உடனே எடுங்கள், மருந்து முடிந்ததும் ஒப்பிட அது வேண்டும். நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்ஆர்ஐ சொல்வார்கள், அதற்கு அவசரமில்லை. ஆனால் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், காது டாக்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.