சோடியம் விரும்பியா இலத்திரனைக் கொடுக்கிறது?

கேள்வி: சோடியம் ஓர் இலத்திரனைக் குளோரினுக்குக் கொடுப்பதுதான் அயன் பிணைப்பு என்கிறார்கள். அதற்கும் உப்பு லேசில் உருகாததற்கும் என்ன தொடர்பு?

போன மாதம் வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக் குசினியில் இதே கதைதான் ஓடியது. "மாமா, சோடியம் தானம் குடுக்குது எண்டுதான் ரியூசனில சொன்னவை" என்றான் ஓ.எல். எடுக்கப்போகிற மருமகன். குழப்பமே அந்தத் தானக் கதையில்தான்.

கணக்கைப் பாருங்கள். வாயு நிலையில் ஒரு மூல் (அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிடுங்க ஏறத்தாழ 496 கிலோயூல் செலவு. குளோரின் அணுக்கள் அதை வாங்கும்போது திரும்பி வருவது 349 தான். 147 நட்டம்! இலாபம் வருவது அதற்குப் பிறகு. இலத்திரனை இழந்த நேரயனும் (சோடியம்) வாங்கிய மறையயனும் (குளோரைட்டு) ஒன்றையொன்று இழுத்துச் சாலகமாக, அதாவது ஒழுங்கான அடுக்காக, அமையும்போது சுமார் 787 கிலோயூல் வெளிவருகிறது. பிணைப்பு என்பது அந்த இழுவைதான். ஒவ்வொரு சோடியம் அயனையும் சுற்றி ஆறு குளோரைட்டு, ஒவ்வொரு குளோரைட்டையும் சுற்றி ஆறு சோடியம். யாருக்கு யார் சோடி என்று சொல்லவே முடியாது.

தாச்சியில் ஒரு பக்கம் சீனி, மறுபக்கம் கல்லுப்பு போட்டோம். சீனி இளகிப் பாகாகிக் கருகியது. உப்பு படபடவென்று வெடித்தது (உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிற சத்தம்), உருகவில்லை. சீனியில் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள பிடி லேசானது. உப்பிலோ அந்த முழு இழுவையோடும் மல்லுக்கட்ட வேண்டும். அதற்கு 801 பாகை செல்சியஸ் தேவை. காஸ் அடுப்புத் தாச்சி அவ்வளவுக்குச் சூடாகாது. கருகின தாச்சியைத் தேய்த்தது நான்.

கல்லுப்பை உரலில் தட்டினால் நசியாமல் பிளப்பதும் இதனால்தான்: ஒரு படை கொஞ்சம் நகர்ந்தாலே ஒத்த மின்னேற்றங்கள் நேருக்கு நேர் வந்து தள்ளிக்கொள்ளும்.

பிறகு 9 வோல்ற்று பற்றரி, ஒரு எல்.ஈ.டி., வயர் முனைகளில் இரண்டு பென்சில் கூர். காய்ந்த உப்பில் குத்தினோம், எரியவில்லை. அயன்கள் இருந்த இடத்திலேயே இறுகிக் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கலக்கியதும் அவை விடுபட்டு ஓடத் தொடங்கின, எல்.ஈ.டி. எரிந்தது. கூர் நுனிகளில் குமிழிகள், நீச்சல் தடாக வாசம். அது குளோரின் என்றதும் அக்கா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தா.

மருமகன் ஜன்னல் கம்பியின் துருவைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்: "அப்ப கடல்காத்தில வாற உப்பும் இப்பிடித்தானோ?" ஓம், ஈரத்தில் கரைந்த அதே அயன்கள்தான் துருப்பிடிப்பதை விரைவாக்குகின்றன.