'ஓவர்லுக்': தெரியாமல் விட்டதா, தெரிந்தே விட்டதா?

அன்புள்ள ஐயா,

மும்பை சயானில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. மொட்டை மாடி நீர்க்கசிவு பற்றிய புகாரைக் கமிட்டி 'ஓவர்லுக்' செய்துவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரியவர்களுக்காக அதைத் தமிழாக்கியபோது 'கவனிக்கத் தவறிவிட்டது' என்று எழுதினேன். 'கண்டுகொள்ளாமல் விட்டது' என்பதே சரி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அகராதியிலோ மேலிருந்து பார்ப்பது, மேற்பார்வையிடுவது என்றெல்லாம் போட்டிருக்கிறது. எதை எழுதுவது?

வாசகர், சயான்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இருவரும் சொன்ன தமிழ் இரண்டும் அந்தச் சொல்லுக்குப் பொருந்துவனவே. ஆனால் முதலாவது கமிட்டியின் மீது மறதியையும் இரண்டாவது அலட்சியத்தையும் சுமத்துவதால், எதை எழுதினாலும் மொழிபெயர்ப்பவர் ஒரு தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் கூர்ந்து ஆராய்வதைக் குறித்தது. ஒன்றன் உச்சிக்கு மேலாக எட்டிப் பார்ப்பதையும் குறித்தது. பார்வை ஒன்றைத் தாண்டி அப்பால் செல்லும்போது இடையில் உள்ளது விடுபட்டுப் போகும் அல்லவா? 16ஆம் நூற்றாண்டில் 'காணாது விடுதல்' என்ற பொருள் இவ்வழியே வந்து சேர்ந்தது. மலபார் ஹில்லில் கமலா நேரு பூங்காவின் விளிம்பில் நின்றால் மெரின் டிரைவின் வளைவு அழகாகத் தெரியும். அங்கே கடலோரச் சுவரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. கடல் தெரியும் வீடுகளின் விளம்பரத்தில் வருவது இந்த மேலிருந்து பார்க்கும் பொருள். மேற்பார்வையிடுதல் என்பது இன்று அருகிவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் கண்ணேறு படுவதற்கும் இதே சொல் வழங்கியது என்றால், கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டும் மும்பைக்கு அது வியப்பாக இராது.

தெரியாமல் விடுவதையும் தெரிந்தே விடுவதையும் திருக்குறள் தனித்தனியே எடுத்துப் பேசுகிறது. 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை, மகிழ்ச்சி மயக்கத்தில் கடமையை மறப்பதைக் கடிகிறது. 58ஆம் அதிகாரமான கண்ணோட்டம், பிறர் பிழையைக் கண்டும் இரக்கத்தால் பொறுத்துக்கொள்வதைப் போற்றுகிறது. அங்கேயும் 'கருமம் சிதையாமல்' என்றொரு நிபந்தனை உண்டு. குடியிருப்பவர் தலையில் நீர் சொட்டும்போது காண்ட்ராக்டரிடம் காட்டும் தாட்சண்யத்தை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு காட்டினாலும், என்னால் அந்தக் கண்ணோட்டத்தில் சேர்க்க முடியவில்லை.

ஆங்கில வாக்கியத்தில் 'அவசரத்தில்' என்பது போன்ற குறிப்பு இருந்தால் உங்கள் தமிழ் சரி. 'இந்த ஒரு முறை' என்று இருந்தால் அது பொறுத்துப்போனது. இரண்டும் இல்லையென்றால் 'புகாரைக் கமிட்டி கவனிக்காமல் விட்டுவிட்டது' என்று எழுதுங்கள். மூலத்தில் உள்ள தெளிவின்மை அத்தொடரில் அப்படியே நிற்கும். பிறகு புகார்ப் பதிவேட்டையும் கமிட்டியின் கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். புகார் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் தமிழையே பொதுக்குழுவில் வாசிக்கலாம்.