டிமோ க்ளாக் என்ன செய்தார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்களிடம் ஃபார்முலா ஒன் பற்றிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கல்லூரி நாட்களில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் கொடி காட்டப் போனதாக முன்பு ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் ஹாமில்டன் ரசிகன். என் அறை நண்பன் வெர்ஸ்டாப்பன் ரசிகன். 2021 டிசம்பர் 12 அபுதாபி பந்தயத்தை ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஹாமில்டனின் எட்டாவது பட்டம் திருடப்பட்டது என்பது என் கட்சி. ரேஸ் டைரக்டர் சொன்னால் அதுதான் முடிவு, அழுது பயனில்லை என்பது அவன் கட்சி. நடுவில் நின்று நீங்கள் சொல்லுங்கள், அது நியாயமா? அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? 2008 பட்டத்துக்காக மாஸா வழக்குப் போட்டிருக்கிறாரே, அது சரியா? இதெல்லாம் எண்ணெய்ப் பணத்தில் நடக்கும் பணக்காரர் விளையாட்டு, உனக்கெதற்கு என்கிறார் என் அப்பா. அதற்கும் உங்கள் கருத்து வேண்டும்.

எல்லாமே அந்த லடிஃபியால் வந்த வினை. ஓட்டத் தெரியாதவனையெல்லாம் ட்ராக்கில் விட்டால் இப்படித்தான் ஆகும். அன்றைக்கே அவனை நாலு பேர் நன்றாகக் 'கவனித்து' அனுப்பியிருக்க வேண்டும், ஹா ஹா.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

பந்தயம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் அது. ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளிகளோடு அபுதாபிக்கு வந்தார்கள். மொத்தம் 58 சுற்றுகள். ஹாமில்டன் பத்து வினாடிக்கு மேல் முன்னிலையில் இருந்தார். 53-ஆவது சுற்றில் வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லடிஃபி சுவரில் மோதினார். விபத்து நேர்ந்தால் வேகத்தைக் குறைக்க முன்னால் ஓடும் சேஃப்டி கார் வந்தது. அது வந்தால் எல்லா வண்டிகளும் அதன் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொள்ளும், அதுவரை சேர்த்த முன்னிலை கரைந்துவிடும். வெர்ஸ்டாப்பன் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய், தரையை நன்றாகப் பிடிக்கும் புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டார். ஹாமில்டன் உள்ளே போனால் முதலிடம் கைவிட்டுப் போகும் என்பதால் பழைய ஹார்ட் டயரோடு வெளியிலேயே நின்றார். இருவருக்கும் நடுவில், ஒரு சுற்று பின்தங்கிய ஐந்து வண்டிகள். ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாஸி அந்த ஐந்தை மட்டும் தாண்டிப் போகச் சொன்னார். பின்தங்கிய மற்ற வண்டிகளை விடவில்லை. இன்னும் ஒரு சுற்று வெளியே இருந்திருக்க வேண்டிய சேஃப்டி காரையும் உடனே உள்ளே அழைத்தார். மிச்சம் ஒரே சுற்று. ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்பக்கமாக நுழைந்தார். கதை முடிந்தது.

சரி, உங்கள் கேள்வி. மாஸி செய்தது தவறு. கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையே அதை மனிதத் தவறு என்றது. முடிவு செல்லும் என்றும் அதே அறிக்கை சொன்னது. அதற்குள் அவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யப்போவதாக அறிவித்த ஹாமில்டனின் அணி மெர்சிடிஸும் சில நாளில் கைவிட்டது. ஆக நீங்களும் உங்கள் நண்பரும் ஆளுக்குப் பாதி சரி. நடந்தது நியாயமில்லை; பட்டம் திரும்பி வராது. இதில் வருடக்கணக்காகச் சண்டை போட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் அப்பா சொல்வது முழுக்கச் சரி. தெரிந்துகொண்டே பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இவ்வளவுதான் கேள்வி என்றால் உங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பியிருப்பேன். உங்கள் கடைசிப் பத்திதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே டிமோ க்ளாக் என்கிற ஜெர்மன் ஃபார்முலா ஒன் ஓட்டுநரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் வந்து மாட்டினீர்கள்.

லடிஃபிக்கு என்ன நடந்தது என்று தெரியுமா? அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவரே ஓர் அறிக்கையில் அதை எழுதினார். லண்டனில் இருந்தபோது வெளியே போகப் பாதுகாவலர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார். செய்த குற்றம் என்ன? பட்டியலின் கடைசிப் பக்கத்தில் மிக் ஷுமாக்கரோடு ஓர் இடத்துக்காகப் போட்டியிட்டார், வண்டி பிடி தவறிச் சுவரில் மோதியது. பந்தயத்தில் பந்தயம் ஓட்டினார், அவ்வளவுதான். அவரை 'நாலு பேர் கவனித்திருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறீர்கள். படித்தவர், வேலையில் இருப்பவர், என்னை ஐயா என்று கூப்பிடுகிறவர். அந்த மிரட்டல்களை அனுப்பியவர்களும் அநேகமாக உங்களைப் போன்றவர்கள்தான், நல்ல வீட்டுப் பிள்ளைகள், ஹா ஹா போட்டிருப்பார்கள்.

க்ளாக்குக்கு வருகிறேன். 2008 நவம்பர் 2, சாவோ பாலோவின் இன்டர்லாகோஸ். நம்மூர் நேரப்படி நள்ளிரவைத் தாண்டி முடிந்த பந்தயம். ஹாமில்டன் 94 புள்ளி, ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸா 87. மாஸா சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் ஓட்டுகிறார். அவர் ஜெயித்து, ஹாமில்டன் ஆறாவதாகவோ அதற்குப் பின்னாலோ வந்தால் பட்டம் மாஸாவுக்கு. ஹாமில்டன் ஐந்தாவதாக வந்துவிட்டால் போதும், பட்டம் அவருக்கு. மாஸா தன் பக்கம் செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்தார்.

முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது மழை. ஏறக்குறைய எல்லோரும் உள்ளே போய் மழை டயர் மாட்டினார்கள். டொயோட்டா அணியின் இரண்டு பேர் மட்டும், க்ளாக்கும் ட்ருல்லியும், காய்ந்த தரைக்கான டயரோடேயே ஓட்டுவது என்று துணிந்தார்கள். மழை வலுக்காவிட்டால் லாபம். இதனால் க்ளாக் நாலாவது இடத்துக்கு ஏறினார். அப்புறம் டோரோ ரோசோ அணியின் வெட்டல் வந்து ஹாமில்டனைத் தாண்டினார். ஹாமில்டன் ஆறு. மாஸா கோட்டைத் தாண்டியபோது கணக்குப்படி அவர்தான் உலக சாம்பியன். ஃபெராரி கொட்டகையில் அவருடைய அப்பா கத்திக் குதித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் போல அந்தக் குடும்பம் அந்தப் பட்டத்தோடு இருந்தது. கடைசிச் சுற்றில் மழை கொட்ட, க்ளாக்கின் டயர் தரையைப் பிடிக்கவே இல்லை. மேட்டில் ஏறுவதற்கு முந்தைய கடைசி வளைவான ஜுன்சாவோவில் வெட்டலும் ஹாமில்டனும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஹாமில்டன் ஐந்து. 98-க்கு 97.

அன்றிலிருந்து க்ளாக் விலைபோனவர், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவர். திட்டியும் மிரட்டியும் கடிதங்கள் வந்தன. அவர் வண்டிக்குள்ளிருந்து எடுத்த காட்சி வெளிவந்து, ஸ்டியரிங்கோடு அவர் படும் பாட்டை எல்லோரும் பார்த்த பிறகும் சிலர் விடவில்லை. அதே டயரில் ஓடிய ட்ருல்லியும் கடைசிச் சுற்றில் ஊர்ந்துதான் வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் கேமரா அங்கே இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள் எஸ். க்ளாக் எல்லோரையும் போல மழை டயர் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மற்றவர்கள் பிட்டுக்குப் போவதற்கு முன்னால் அவர் ஹாமில்டனுக்குப் பின்னால்தான் இருந்தார். அங்கேயே இருந்திருப்பார். வெட்டல் நாலு, ஹாமில்டன் ஐந்து. ஹாமில்டன் சாம்பியன். அதாவது ஹாமில்டன் ஆறாவது இடத்துக்கு இறங்கியதே க்ளாக் வெளியில் நின்றதால்தான். மாஸாவின் அப்பா குதித்த அந்த அரை நிமிடம் க்ளாக் கொடுத்தது. கொடுத்தவரைத்தான் பறித்தவர் என்று ஊர் கூடித் திட்டியது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்குகிற விஷயம். பல்லாயிரம் பேர் பல வருடம் திட்டினார்கள், எழுதிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்தக் கோபம் எனக்கு இன்டர்லாகோஸில் பிடித்ததில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பிடித்தது.

அங்கே நாங்கள் மார்ஷலாகப் போவது சம்பளத்துக்காக இல்லை. ரேஸை வேலிக்கு உள்ளே நின்று பார்க்கலாம், மத்தியானம் பொட்டலச் சாப்பாடு உண்டு, வேறென்ன வேண்டும். வளைவுக்கு வளைவு ஒரு போஸ்ட். மஞ்சள் கொடி, நீலக் கொடி, எல்லாம் கையில். ஒரு சுற்று பின்தங்கிய வண்டிக்குப் பின்னால் முதலில் வருகிறவன் நெருங்கினால் நீலக் கொடி காட்ட வேண்டும், வழி விடு என்று அர்த்தம். அப்போது ஃபார்முலா மாருதி என்று ஒரு வகை வண்டி ஓடியது, மாருதி எஞ்சின் வைத்தது. அந்த வருடக் கடைசிப் பந்தயம். சேலத்துப் பக்கமிருந்து ஒரு பையன் வந்திருந்தான். லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு, மெக்கானிக்காக மச்சானைக் கூட்டிக்கொண்டு. கடைசியில் ஓடிக்கொண்டிருந்தான். எங்கள் போஸ்டில் நீலக் கொடி காட்டினோம். அவன் கை தூக்கிக் காட்டினான், பார்த்துவிட்டேன் என்று. ஆனால் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்காமல் நேரே போய் முன்னிலையில் வந்தவனின் பாதையில் நின்றது. அவன் பிரேக் அடித்து மண்ணுக்குள் போனான். இரண்டாவதாக வந்தவன் ஜெயித்தான், வருடப் பட்டமும் கைமாறியது.

பந்தயம் முடிந்ததும் தோற்ற பக்கத்துப் பையன்கள் கூட்டமாக வந்து சேலத்துப் பையனைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு வாங்கினே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டாலேயே அடித்தான். அவன் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான், "வண்டி திரும்பலண்ணா." நாங்கள் உள்ளே புகுந்து அவனை இழுத்து எங்கள் வேனுக்குள் உட்கார வைத்தோம். மச்சான்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். முன் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் கூட்டத்திடம் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. மண்ணுக்குள் போனவன் அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தான். அதே வருடம் முந்தைய பந்தயம் ஒன்றில் விளக்கு அணைவதற்கு முன்பே கிளம்பி அபராதம் வாங்கியவன் அவன். அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால் கடைசிப் பந்தயமே அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது. அதற்காக அவனை யாரும் அடிக்கவில்லை. சேலத்துப் பையன் அதன் பிறகு ரேஸுக்கு வரவில்லை.

நீங்கள் கடைசிச் சுற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் சொல்கிறேன். மாஸா அதே 2008-இல் ஹங்கேரியில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, மூன்று சுற்று மிச்சம் இருக்கையில் எஞ்சின் போனது. சில்வர்ஸ்டோன் மழையில் அவர் பம்பரம் மாதிரிச் சுழன்றார். பெல்ஜியத்தில் ஹாமில்டன் ஜெயித்த பந்தயம் அபராதத்தால் மாஸாவிடம் வந்தது. அதைப் பற்றி மாஸா ரசிகர்கள் பேசுவதில்லை. அபுதாபியும் அப்படித்தான். 2021-இன் இறுதி வித்தியாசம் எட்டுப் புள்ளி. பெல்ஜியத்தில் மழையில் சேஃப்டி காரின் பின்னால் சும்மா வரிசையாகப் போனதற்கு வழக்கமான புள்ளிகளில் பாதியைக் கொடுத்தார்களே, அதில் மட்டும் வெர்ஸ்டாப்பனுக்கு ஐந்து கூடுதல். ஹங்கேரியில் ஹாமில்டனின் சக வீரர் போட்டாஸ் ஆரம்பித்து வைத்த மோதலில் வெர்ஸ்டாப்பனின் வண்டி பாதி உடைந்தது. எந்தப் புள்ளியைப் பிடுங்கினாலும் பட்டம் ஆடும். லடிஃபியின் சுவர் கடைசியில் இருந்தது, அதனால் கண்ணில் பட்டது.

மாஸாவின் வழக்கைக் கேட்டிருந்தீர்கள். அதற்குக் காரணமான 2008 சிங்கப்பூர் பந்தயத்தில், ரெனோ அணி தன் இன்னொரு வீரருக்கு உதவ பிக்கே ஜூனியரை வேண்டுமென்றே சுவரில் மோதச் சொன்னது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்து நடந்த பிட் நிறுத்தத்தில் எரிபொருள் குழாய் செருகியிருக்கும்போதே மாஸாவுக்குப் போ என்று விளக்குப் போட்டது அவருடைய சொந்த அணி. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்றுதான். வழக்கு எஃப்ஐஏ மீதும், ஃபார்முலா ஒன் நிர்வாகத்தின் மீதும், அன்றைக்கு அதன் தலைவராக இருந்த எக்லெஸ்டோன் மீதும். க்ளாக்கின் பெயர் பிரதிவாதிகளில் இல்லை. இழந்தவருக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அபுதாபியில் தோற்ற ஹாமில்டனும் அவருடைய அப்பாவும் வெர்ஸ்டாப்பன் குடும்பத்திடம் போய்க் கைகொடுத்தார்கள். அதையும் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், லடிஃபியைத் திட்டுவதற்கு நடுவில்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வண்டிக்காக இரவெல்லாம் விழித்திருக்கிற வயது எனக்கும் இருந்தது, உங்கள் கடிதத்தில் அது தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளம். நண்பரோடு சண்டையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நல்ல சண்டைதான். அபுதாபியை விட்டுவிட்டு 2021 பாகு பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்துக்கொண்டிருந்த வெர்ஸ்டாப்பனுக்கு டயர் வெடித்தது. மறுதொடக்கத்தில் ஹாமில்டன் ஸ்டியரிங்கில் தவறான பட்டனைத் தட்டி முதல் வளைவில் நேராக வெளியே போனார். இருவருக்கும் பூஜ்யம். யார் அதிகம் இழந்தது என்று ஒரு வருடம் பேசலாம், மூன்றாவது ஆள் யாரையும் அடிக்க வேண்டியிருக்காது.

அன்புடன்.