வாசகர் கேள்வி: வீட்டில் கட்டிய விமானத்தின் எஞ்சின்

கேள்வி: அமெரிக்காவில் சிலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கிறார்கள் என்று படித்தேன். அதன் எஞ்சினையும் அவர்களேதான் பராமரிக்கிறார்களா? விருப்பம்போல் மாற்றியமைக்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டா?

பதில்: இரண்டுக்கும் அனுமதி உண்டு. பெரும்பகுதி வேலையைத் தனிநபர்கள் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தம் கையால் செய்து முடித்த விமானம் அங்கே தனி வகையாகப் பதிவு செய்யப்படுகிறது. அதன் பராமரிப்பு வேலைகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வில் மட்டும் உரிமம் பெற்ற மெக்கானிக்கோ, அதற்கென்று சான்றிதழ் பெற்றிருந்தால் கட்டியவரோ கையெழுத்திட வேண்டும்.

இவ்வகை விமானங்களில் பரவலாகக் காணப்படும் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், அளவு பார்க்கும் முன் பற்றவைப்பு சுவிட்சுகளை அணைத்துவிட்டு, தொட்டிக்குள் களகளவென்று சத்தம் கேட்கும்வரை புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ஆயில் பாதையில் காற்று புகுந்துவிடும். இரண்டு கார்புரேட்டர்களும் ஆளுக்கு இரண்டு சிலிண்டர்களைக் கவனித்துக்கொள்வதால், அவை ஒரே சீராகத் திறக்காவிட்டால் எஞ்சின் உதறத் தொடங்கும், அந்த உதறலை கியர்பாக்ஸ்தான் தாங்க வேண்டியிருக்கும். ரப்பர் குழாய்களை, விமானம் எவ்வளவு குறைவாகப் பறந்திருந்தாலும், 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. பார்வைக்குப் புதிதாகத் தெரியும் குழாயைக் கழற்றி எறிய மனம் வராமல் பலர் தள்ளிப்போடுவது இந்த வேலையைத்தான்.

மாற்றியமைப்பதைப் பொறுத்தவரை, எஞ்சினை மேம்படுத்துவதாக நினைத்து எரிபொருள் பாதையில் கை வைப்பவர்கள், தாங்கள் செய்வது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை உணர்வதில்லை என்பது என் கருத்து. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியக் கடற்கரையோரம் விழுந்து இறந்த லாங்-ஈஸி விமானத்தில் எஞ்சின் பழுதுபட்டிருக்கவில்லை. எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகு, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்று எண்ணி, அதைக் கட்டியவர் அந்தத் திருகை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விமானத்தைப் பிறகு வாங்கிய டென்வர், பறக்கும்போது திரும்பி அதை எட்ட முயன்றதில் கட்டுப்பாட்டை இழந்தார் என்றே விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. பெரிய மாற்றம் எதையும் செய்தால், தனியாகவே சில மணி நேரம் சோதனைப் பறப்பு நடத்தி முடித்த பிறகே மற்றவர்களை ஏற்றிச் செல்லலாம் என்று விதி இருப்பது இதனால்தான்.

கேள்வி: காருக்குப் போடும் பெட்ரோலையே இதற்கும் ஊற்றலாமா?

பதில்: ரோடாக்ஸுக்கு அதுவே நல்லது. விமான பெட்ரோலில் உள்ள ஈயம் ஆயிலில் சகதியாகப் படிவதால், அதையே பெரும்பாலும் ஊற்றுபவர்கள் 100 மணி நேரத்துக்குப் பதில் 50 மணி நேரத்திலேயே ஆயில் மாற்ற வேண்டும். கார் பெட்ரோல் சூட்டில் எளிதில் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும் என்பதால், குழாய்களைப் புகைப்போக்கியிலிருந்து விலக்கி, வெப்ப உறையிட்டு, ஆவி தொட்டிக்கே திரும்பிச் செல்ல ஒரு தனிப் பாதையும் வைக்க வேண்டும்.