வேளச்சேரி வீட்டு பிராட்பேண்டில் ஒரு தளம் திறக்கவில்லை, மொபைல் டேட்டாவில் திறக்கிறது. அரசுத் தடையா?

இருக்கலாம். தடை உத்தரவை ஒவ்வொரு இணையச் சேவை நிறுவனமும் தன் முறைப்படி செயல்படுத்துவதால் இப்படி நடக்கும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையோடு தளத்தின் பெயரைக் கொடுங்கள். அடுத்து, பெயருக்குப் பின் இடைவெளி விட்டு 1.1.1.1 சேர்த்துக் கொடுங்கள்; இது உங்கள் நிறுவனத்தைச் சாராத பொது டிஎன்எஸ் சேவை. டிஎன்எஸ் என்பது தளப்பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு. இரண்டாவதில் மட்டும் முகவரி கிடைத்தால் தடை டிஎன்எஸ்ஸில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் கிடைத்தும் இணைப்பு உடனே அறுந்தால், பெரும்பாலும் எஸ்என்ஐயில், அதாவது பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போது உலாவி அனுப்பும் தகவலில், மறைக்கப்படாமல் போகும் தளப்பெயரைப் படித்து சேவை நிறுவனம் வெட்டுகிறது.

அரசு தளங்களைத் தடை செய்வது ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டப் பிரிவு 69ஏ-யின்படி. அதன் கீழ் 2009-ல் வந்த விதிகளில் 16-வதுதான் பெரிய கேடு. புகார், நடவடிக்கை எல்லாமே ரகசியம் என்கிறது. காரணமே தெரியாமல் எப்படி வழக்காடுவது?

நீதிமன்றத் தடைகளும் உண்டு. 2012-ல் சினிமா திருட்டுக்கு எதிரான உத்தரவைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் தடை என்று சென்னை உயர் நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.